லாங்கோலன் கால்வாயில் வாடகைப் படகு: வசந்தத்தில் ஒரு வாரம் எடுக்கலாமா?

எடுக்கலாம். ஏப்ரல் கடைசியிலிருந்து மே முடிவதற்குள், மூன்று நான்கு பேர் சேர்ந்து, கால்வாயின் நடுப்பகுதியில் உள்ள எல்ஸ்மியர் ஊரிலோ அதற்கு மேற்கிலோ படகு ஏறுவதாக இருந்தால் தயங்கவே வேண்டாம். பள்ளி விடுமுறை உச்சத்தில், இரண்டே பேர், கால்வாயின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரே வாரத்தில் போய்த் திரும்பும் எண்ணத்தோடு கிளம்புவதாக இருந்தால் வேறு கால்வாயைப் பாருங்கள். பிரிட்டனில் மிக அழகான கால்வாய் எது என்று கேட்டால் பலரும் லாங்கோலனைத்தான் சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால் அந்த அழகு அவசரக்காரர்களுக்குக் கிடைக்காது. இந்தக் கால்வாயின் அமைப்பே அப்படி.

இங்கிலாந்தின் செஷையரில் ஹர்ல்ஸ்டன் என்ற இடத்தில் தொடங்கி, ஷ்ராப்ஷையர் வயல்வெளிகளைக் கடந்து, வேல்ஸ் மலையடிவாரத்தில் லாங்கோலன் ஊரைத் தொட்டு, அதற்கும் மேலே டீ ஆற்றின் ஹார்ஸ்ஷூ அணையில் முடிகிறது. மொத்தம் 46 மைல், 21 லாக்குகள். லாக் என்பது படகைத் தண்ணீரோடு சேர்த்து ஏற்றி இறக்கும் கல் தொட்டி. 21-இல் 19 லாக்குகள் கிழக்குப் பாதியில் குவிந்து கிடக்கின்றன. எல்ஸ்மியரிலிருந்து லாங்கோலன் வரை நியூ மார்ட்டனில் இரண்டே இரண்டுதான். முதல் முறை படகு ஓட்டுபவர்களை மேற்குப் பாதிக்கு அனுப்பச் சொல்வதற்கு இதுவே பாதிக் காரணம். மீதிக் காரணம், பார்க்க வேண்டிய பெரிய விஷயங்கள் எல்லாம் அந்தப் பக்கம்தான் இருக்கின்றன.

பொதுவாகக் கால்வாய்த் தண்ணீர் ஓடாது, தேங்கித்தான் நிற்கும். லாங்கோலன் விதிவிலக்கு. டீ ஆற்றிலிருந்து தினமும் 5 கோடி லிட்டருக்கு மேல் தண்ணீர் இதன் வழியாக ஹர்ல்ஸ்டன் நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. செஷையர் மக்கள் குடிக்கும் தண்ணீர் அது. 1944-இல் சட்டம் போட்டு இதில் படகுப் போக்குவரத்தைக் கைவிட்டார்கள். ஆனாலும் கால்வாயைத் தூர்க்காமல் விட்டதற்கு இந்தத் தண்ணீர்தான் காரணம். இன்று படகு ஓட்டுபவருக்கு அதன் விளைவு நேரடியாகத் தெரியும். லாங்கோலனை நோக்கிப் போகும்போது எதிர் நீரோட்டம், திரும்பும்போது உடன் நீரோட்டம். அகலமான இடங்களில் வித்தியாசம் கொஞ்சம்தான். சுரங்கத்திலும், பள்ளத்தாக்குக்கு மேலே கால்வாயைச் சுமந்து செல்லும் தொட்டிப்பாலத்திலும், மலைச்சரிவில் வெட்டிய ஒடுக்கமான பகுதியிலும் படகு ஊர்ந்துதான் போகும். சட்டப்படி மணிக்கு 4 மைல் வரை போகலாம் என்பதை வைத்துக் கணக்குப் போட்டால் முதல் நாளே பொய்த்துப்போகும். ஏறுமுகத்தில் மணிக்கு 2 மைல், இறங்குமுகத்தில் 3 மைல், லாக் ஒன்றுக்குக் கால் மணி நேரம் என்று வையுங்கள். எல்ஸ்மியரிலிருந்து லாங்கோலன் போக ஓட்டும் நேரம் மட்டும் பத்து மணி நேரம் வரை ஆகும். அதை மூன்று நாளாகப் பிரித்தால் சரியாக இருக்கும்.

இனி படகு. நேரோபோட் என்பது 2.08 மீட்டர் அகலமே கொண்ட இரும்புப் படகு. நீளம் 30 அடியிலிருந்து 70 அடி வரை. உள்ளே நின்றால் இரண்டு கையையும் முழுதாக விரிக்க இடம் போதாது. ரயில் பெட்டியின் ஓரத்தில் நடப்பதுபோல் ஒற்றை வழி, அதை ஒட்டிச் சமையலறை, குளியலறை, படுக்கை. ஆலப்புழை படகு வீட்டை மனதில் வைத்து யாரும் பதிவு செய்துவிடக் கூடாது. இங்கே ஓட்டுநரும் சமையல்காரரும் கிடையாது. ஓட்டுவது, கட்டுவது, லாக் திறப்பது, கழிவுத் தொட்டியைக் கவனிப்பது எல்லாம் நம் வேலை. உரிமம் தேவையில்லை. படகைக் கொடுக்கும்போது அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் சொல்லிக் கொடுப்பார்கள், அவ்வளவுதான்.

விளம்பரத்தில் "நான்கு பேர் படுக்கலாம்" என்று இருந்தால் வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பெரும்பாலும் நிலையான படுக்கை இரண்டு பேருக்குத்தான் இருக்கும். மற்ற இருவர் சாப்பாட்டு மேசையை இறக்கி, அதன்மேல் மெத்தை பரப்பிப் படுக்க வேண்டும். தினமும் இரவு விரித்து, காலையில் மடக்கி, அதன் பிறகே மேசையில் காலை உணவு. ஒரு வாரத்துக்கு இது அலுத்துவிடும். நான்கு பேருக்கு 55 முதல் 60 அடிப் படகில், இரண்டு முனையிலும் நிலையான படுக்கை இருப்பதாகப் பார்த்து எடுப்பதே நல்லது. 70 அடிப் படகு கால்வாயில் போகும். ஆனால் முதல் முறை ஓட்டுபவருக்கு ஒவ்வொரு வளைவும் தலைவலி.

படகை ஏற்றுக்கொள்ளும்போது சொல்லிக் கொடுப்பவர் வேகமாகப் பேசிக்கொண்டே போவார். அவரை நிறுத்தி நான்கு விஷயங்களைத் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள்: எஞ்சின் ஆயில் பார்க்கும் கம்பி, புரொப்பெல்லர் தண்டுக்குக் கிரீஸ் கொடுக்கும் திருகு, புரொப்பெல்லருக்கு மேலே திறக்கும் மூடி, எரிவாயு சிலிண்டரை மாற்றும் இடம். இரண்டு வின்ட்லஸாவது இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். லாக்கில் தண்ணீரை விடவும் அடைக்கவும் உள்ள ஷட்டரைச் சுற்றித் தூக்கும் எல் வடிவக் கைப்பிடி அது. ஒன்று தண்ணீரில் விழுவது சர்வசாதாரணம். கரையில் அடிக்கும் முளைகள், சுத்தியல், இரும்புத் தகட்டுக் கரையில் மாட்டும் கொக்கிகள், நீளக் கழி, ஏறி இறங்கப் பலகை ஆகியவையும் இருக்க வேண்டும். டீசல் வாடகையில் அடக்கமா, எஞ்சின் ஓடிய மணிக்கணக்கில் பின்னால் பிடிப்பார்களா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஓட்டுவது கடினமில்லை, ஆனால் தலைகீழ். சுக்கானின் பிடியை இடப்பக்கம் தள்ளினால் மூக்கு வலப்பக்கம் திரும்பும். படகு நடுவை மையமாக வைத்துச் சுழல்வதால், மூக்கு ஒரு பக்கம் போகும்போது பின்பகுதி மறுபக்கம் வீசும். கார் ஓட்டிப் பழகியவர்கள் மறப்பது இதைத்தான், கரையிலோ அடுத்த படகிலோ இடிப்பதும் இதனால்தான். படகுக்கு பிரேக் கிடையாது, ரிவர்ஸ் போடுவதே பிரேக். ரிவர்ஸில் சுக்கான் சொன்னபடி கேட்காது. நியூட்ரலில் சுத்தமாகக் கேட்காது. எதிரே படகு வந்தால் வலப்பக்கம் ஒதுங்க வேண்டும். கரையில் கட்டியிருக்கும் படகுகளை நெருங்குவதற்கு மூன்று நான்கு படகு நீளம் முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். குறைக்காவிட்டால் நம் படகு இழுக்கும் தண்ணீர் அவர்களுடைய முளையைப் பிடுங்கிவிடும். பின்னால் திரும்பிப் பாருங்கள். கரையில் அலை நுரைத்து உடைகிறது என்றால் வேகம் அதிகம். ஆழம் குறைந்த கால்வாயில் கூட்டிக் கொடுத்தால் வேகம் கூடாது, படகின் பின்பகுதி தாழ்ந்து தரையை உரசும்.

நியூ மார்ட்டன் லாக்குகளில் புதியவர்களைத் தடுமாற வைப்பது லாக் அல்ல, அதன் பக்கத்தில் இருக்கும் வழிந்தோடி. ஓடும் தண்ணீர் லாக்கைச் சுற்றி வந்து கீழ் வாயிலுக்குச் சற்று முன்னால் கால்வாயில் கொட்டுகிறது. மெதுவாக, நேராக வாயிலைக் குறிவைத்து வரும் படகின் மூக்கை அது பக்கவாட்டில் தள்ளி எதிர்ச்சுவரில் மோதவிடும். தண்ணீர் வரும் பக்கமாகச் சற்றுச் சாய்த்துக் குறிவையுங்கள். மூக்கு அந்த நீரைத் தொடும்போது எஞ்சினைக் குறைக்காமல், கொஞ்சம் கூட்டிக் கொடுத்து உள்ளே நுழைந்த பிறகு ரிவர்ஸ் போடுங்கள். வேகம் குறைவதால்தான் இங்கே தவறு நடக்கிறது.

உள்ளே வந்ததும் கீழ்க் கதவை மூடி, கீழ் ஷட்டர்கள் இறங்கியிருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, மேல் ஷட்டரைப் பாதி மட்டும் தூக்குங்கள். முழுதாகத் தூக்கினால் நீர் சுழன்று படகை முன்னும் பின்னும் ஆட்டும். மூக்கில் உள்ள தாங்கி கதவின் சட்டத்துக்குக் கீழே மாட்டிக்கொள்ளாமல் ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இறங்கும்போது ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. மேல் கதவின் அடியில் தண்ணீருக்குள் ஒரு கல்படி மறைந்திருக்கும். சுவரில் வெள்ளைக் கோடு போட்டு அதைக் காட்டியிருப்பார்கள். படகின் பின்பகுதி அந்தக் கோட்டுக்கு முன்னால் இருந்தே ஆக வேண்டும். நீர் இறங்கும்போது சுக்கான் அந்தப் படியில் உட்கார்ந்துவிட்டால் மூக்கு கீழே சரிந்து, சில நிமிடத்தில் படகே மூழ்கும். அப்படித் தோன்றிய கணமே கீழ் ஷட்டரை மூடி, மேல் ஷட்டரைத் திறந்து தொட்டியை மறுபடி நிரப்ப வேண்டும். லாக்கில் யாரும் போனைப் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது என்று நாங்கள் சொல்வது இதனால்தான்.

கிழக்குப் பக்கத்திலிருந்து வருபவர்கள் கிரிண்ட்லி புரூக்கின் ஆறு லாக்குகளைக் கடக்க வேண்டும். மேலே உள்ள மூன்றும் படிக்கட்டுபோல் ஒன்றோடொன்று ஒட்டியவை. ஒன்றின் மேல் கதவே அடுத்ததின் கீழ்க் கதவு. ஏறும்போது மேல் தொட்டிகள் நிரம்பியிருக்க வேண்டும், இறங்கும்போது கீழ்த் தொட்டிகள் காலியாக இருக்க வேண்டும். பருவகாலத்தில் லாக் காவலர் இருப்பார், அவர் சொல்கிறபடி செய்தால் போதும். வரிசை நீண்டால் மணிக்கணக்கில் காத்திருக்க நேரும்.

சர்க் ஊரில் இங்கிலாந்து முடிந்து வேல்ஸ் தொடங்குகிறது. எல்லையே பள்ளத்தாக்கில் ஓடும் கைரியோக் ஆறுதான். 1801-இல் திறந்த கல் தொட்டிப்பாலத்தில் 21 மீட்டர் உயரத்தில் அதைக் கடக்கிறோம். ஒட்டினாற்போல் அதைவிட உயரமாக ரயில் பாலம். பாலம் முடிந்ததும் சிறிய குளம்போல் ஓர் அகலம், அதன் முடிவில் 421 மீட்டர் சுரங்கம். உள்ளே இரண்டு படகு ஒதுங்க இடமில்லை. சுரங்கம் நேரானது, மறுமுனை வெளிச்சம் தெரியும். எதிரே விளக்கு தெரிந்தால் அந்தக் குளத்திலேயே நின்று விடுங்கள். நுழைந்த பிறகு நம் படகு சுரங்கத்தை ஏறக்குறைய அடைத்துக்கொள்வதால் எதிரே வரும் தண்ணீருக்குப் போக வழி குறைவு. எஞ்சினைக் கூட்டினால் சத்தமும் புகையும்தான் கூடும். சீராக விட்டுப் பொறுமையாகப் போவதே வழி.

அடுத்து வருவதற்காகத்தான் இவ்வளவும். ஒயிட்ஹவுசஸ் என்ற சிறிய சுரங்கத்தைத் தாண்டி, வ்ரான்கசத்தே ஊரில் தூக்குப் பாலத்தை வின்ட்லஸால் சுற்றித் தூக்கிக் கடந்தால், பொண்ட்கசத்தே தொட்டிப்பாலம். பொறியாளர்கள் தாமஸ் டெல்ஃபோர்டும் வில்லியம் ஜெசப்பும் கட்டி 1805 நவம்பரில் திறந்தது. 307 மீட்டர் நீளம், டீ ஆற்றுக்கு மேலே 38 மீட்டர் உயரம். கன்னியாகுமரி மாவட்டத்தின் மாத்தூர் தொட்டிப்பாலத்தைப் பார்த்தவர்களுக்கு உயரம் ஏறக்குறைய பிடிபடும். அந்தத் தொட்டிக்குள் படகில் உட்கார்ந்து போவதாக நினைத்துக்கொள்ளுங்கள். தூண்கள் கல், தொட்டி வார்ப்பிரும்பு. தகடுகளைப் போல்ட் போட்டு இணைத்திருக்கிறார்கள். ஒரு பக்கம் நடைபாதையும் கைப்பிடிக் கம்பியும் உண்டு. மறுபக்கம் ஒன்றுமே கிடையாது. தண்ணீருக்கு மேல் ஒரு சாண் அளவுதான் இரும்பு விளிம்பு தெரியும். சுக்கான் பிடித்து நிற்பவரின் இடுப்பு உயரத்தில் படகின் கூரை, அதற்கு அந்தப் பக்கம் காற்று, அதற்குக் கீழே மர உச்சிகள். கைப்பிடிச் சுவர் இல்லாத மொட்டை மாடி விளிம்பில் நடக்கும் உணர்வு வரும். படகு விழாது, தொட்டி அதை ரயில் தண்டவாளம்போல் பிடித்துக்கொள்ளும். ஆனால் மனிதர்கள் விழலாம். ஆகவே குழந்தைகள் உள்ளே, நாய் கயிற்றில், கூரைமேல் யாரும் இல்லை. உயரம் பயமென்றால் இறங்கி நடைபாதையிலோ, அதுவும் முடியாதென்றால் கேபினுக்குள் நடைபாதைப் பக்கச் சன்னல் அருகிலோ இருக்கலாம்.

கட்டியவர்களின் சாமர்த்தியம் ஓட்டும்போதே தெரியும். நடைபாதை தொட்டிக்கு வெளியே இல்லை, தண்ணீருக்கு மேலேயே தாங்கி நிற்கிறது. அதனால் படகு தள்ளும் நீர் நடைபாதையின் அடியில் புகுந்து பின்னால் போக முடிகிறது. சர்க் சுரங்கத்தைவிட இங்கே படகு இலகுவாக நகர்வது இதனால்தான். போகும்போது நிதானமாக ஊர்ந்து கடந்துவிட்டு, பாலத்தின் மறுமுனையில் உள்ள ட்ரெவரில் படகைக் கட்டி, மாலையில் நடந்து திரும்பி வந்து பாலத்தைக் கீழே ஆற்றங்கரையிலிருந்து ஒரு முறை பாருங்கள். படகிலிருந்து பாலம் தெரிவதே இல்லை. சர்க் தொடங்கி ஹார்ஸ்ஷூ வரையிலான 11 மைலை யுனெஸ்கோ 2009-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

ட்ரெவரில் பாலம் முடிந்த உடனேயே லாங்கோலனுக்கு இடப்பக்கம் கூர்மையாகத் திரும்ப வேண்டும், திரும்பியதும் ஒரு பாலத்துக்குள் நுழைய வேண்டும். நேராகப் போனால் படகுத்துறை. அங்கிருந்து லாங்கோலன் வரை மலைச்சரிவில் வெட்டிய பாதை. பாறையைக் குடைந்த சில பகுதிகளில் ஒரு படகுக்குத்தான் இடம். ஒருவர் முன்னால் நடந்து போய், வழி காலி என்று கையசைத்த பிறகே நுழைய வேண்டும். வளைவுகள் இருப்பதால் படகிலிருந்து மறுமுனை தெரியாது. இங்கே ஆள் அனுப்பாமல் நுழைந்து, எதிரே இரண்டு படகைச் சந்தித்து, எதிர் நீரோட்டத்தில் ரிவர்ஸ் எடுக்க முடியாமல் நிற்பவர்களால்தான் இந்தக் கால்வாய்க்குக் கெட்ட பெயர். காலையில் சீக்கிரம் கிளம்பிவிட்டால் பாதித் தொல்லை குறையும். மேலே இரவு தங்கியவர்கள் கீழே இறங்கத் தொடங்குவதற்குள் போய்ச் சேரலாம்.

லாங்கோலன் படகுத்துறையில் இடத்துக்குக் கட்டணம் உண்டு. தண்ணீரும் மின்சாரமும் கிடைக்கும். 48 மணி நேரத்துக்கு மேல் நிற்கக் கூடாது. அதற்கு அப்பால் எஞ்சின் படகு போகக் கூடாது, குதிரை இழுக்கும் படகுக்கு மட்டும்தான் அனுமதி. அந்தக் குதிரைப் படகுச் சவாரி 1884 முதல் நடக்கிறது. நமக்குக் கரைப்பாதை இருக்கிறது. அரை மணிக்குச் சற்று அதிகமாக நடந்தால் ஹார்ஸ்ஷூ அணை. வளைந்த தாழ்வான அணையில் ஆற்று நீர் கண்ணாடிபோல் வழிந்து இறங்கும். வழியெல்லாம் நம்மை எதிர்த்துத் தள்ளிய தண்ணீர் ஆற்றிலிருந்து கால்வாய்க்குள் நுழைவது இங்கேதான். ஊர்ப் பெயரை உள்ளூர்க்காரர்கள் "லங்கோத்லென்" என்பதற்கு அருகில் ஒலிப்பார்கள், வழி கேட்கும்போது உதவும்.

வசந்தத்தை ஏன் வலியுறுத்துகிறோம் என்றால், மரங்கள் முழுதாக இலை விடுவதற்கு முன் பள்ளத்தாக்கு திறந்து கிடக்கும். கோடையில் அதே இடங்களில் பச்சைச் சுவர்தான் தெரியும். ஏப்ரல் கடைசியில் காட்டுத் தரையில் நீல மணிப்பூக்கள், சர்க் பக்கத்து மரநிழலில் காட்டுப்பூண்டின் வாசனை, வயலில் ஆட்டுக்குட்டிகள், மே மாதம் வேலியெங்கும் வெள்ளைப் பூ. எல்ஸ்மியருக்குக் கிழக்கே கரைப்பாதையில் நடந்து, 80 மீட்டர்ச் சுரங்கத்தைத் தாண்டினால் பிளேக் மியர் ஏரி. கால்வாய்க்கும் ஏரிக்கும் நடுவே ஒற்றை மரவரிசைதான். கிளம்புவதற்கு முந்தைய மாலையை இதற்கு ஒதுக்குங்கள். அன்னம் கூடு கட்டியிருக்கும் இடத்தில் ஆண் அன்னம் படகை நோக்கி இறக்கையை உயர்த்திக்கொண்டு வரும். வேகத்தைக் குறைத்து எதிர்க்கரை ஓரமாகப் போய்விடுங்கள்.

குளிரை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பகலில் 12, 15 டிகிரி இருந்தாலும் இரவில் 3, 4 டிகிரிக்கு இறங்கும். ஓட்டுபவர் கூரையில்லாத பின்தளத்தில் அசையாமல் நிற்கிறார். தொப்பி, கையுறை, மழைக்கு மேலாடையோடு காற்சட்டையும் வேண்டும். இரவில் அடுப்பை மூட்டினால் காற்றுத் துளைகளைத் துணியால் அடைக்கக் கூடாது, கார்பன் மோனாக்சைடு அலாரத்தை அழுத்திச் சோதித்துக்கொள்ளுங்கள். குக்கர் வைத்துச் சமைப்பவர்கள் சன்னலைத் திறந்து வையுங்கள். திறக்காவிட்டால் ஆவி இரும்புச் சுவரில் படிந்து மெத்தை ஈரமாகும்.

படகு கட்டும்போதும் நீரோட்டத்தை நினைவில் வையுங்கள். ஏறுமுகத்தில் மூக்குக் கயிற்றை முதலில் கட்ட வேண்டும், இறங்குமுகத்தில் பின்கயிற்றை. மாற்றிக் கட்டினால் நீர் மறுமுனையைப் பிடித்துப் படகைக் கால்வாய்க்குக் குறுக்கே திருப்பிவிடும். கரையில் இரும்புத் தகடு இருந்தால் கொக்கியை மாட்டுங்கள், வெறும் மண் என்றால் மட்டும் முளை.

தினமும் காலையில் ஆயில் அளவு, மாலையில் கிரீஸ் திருகை இறுகும் வரை ஒரு சுற்று, முடிந்தபோதெல்லாம் தண்ணீர்த் தொட்டி நிரப்புதல். தொட்டி நிரம்ப அரை மணிக்கு மேலாகும், அதைச் சாப்பாட்டு நேரமாக வைத்துக்கொள்ளலாம். பேட்டரிக்கு நாளுக்கு நான்கைந்து மணி நேரம் எஞ்சின் ஓடினால் போதும். கட்டிய இடத்தில் இரவு 8 முதல் காலை 8 வரை எஞ்சினை ஓடவிடக் கூடாது.

எஞ்சின் உறுமியும் படகு நகரவில்லை என்றால் புரொப்பெல்லரில் பையோ கயிறோ சுற்றியிருக்கும். எஞ்சினை அணைத்து, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மூடியைத் திறந்து கத்தியால் அறுத்தெடுங்கள். பின்னர் மூடியைச் சரியாக உட்காரவைத்து இறுக்குவதுதான் முக்கியம். தளர்வாக விட்டால் புரொப்பெல்லர் வீசும் தண்ணீர் எஞ்சின் அறைக்குள் ஏறும். தரை தட்டினால் முன்னுக்கு அழுத்தாதீர்கள். வந்த வழியே ரிவர்ஸ், எல்லோரும் ஆழமான பக்கம் போய் நிற்பது, பிறகு கழி.

காசைப் பற்றி: படகுக்குத்தான் வாடகை, தலைக்கு இல்லை. ஆகவே இரண்டு பேருக்குக் கையைச் சுடும், நான்கு பேருக்கு ஓட்டல் அறையோடு ஒப்பிட்டால் நியாயமாகவே வரும். ஈஸ்டர் விடுமுறையை விட்டு அதற்கு அடுத்த வாரங்களைக் கேளுங்கள், விலையும் கூட்டமும் சேர்ந்து குறையும். லாக்கிலும் ஒடுங்கிய பாதையிலும் ஒருவர் இறங்கி நடந்தே ஆக வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் இரண்டு பேர் மட்டுமாகப் போக வேண்டாம்.

திரும்பக் கொடுப்பது பெரும்பாலும் காலை 9 மணிக்கு. கடைசி இரவு துறையிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவுக்குள் வந்து கட்டிவிடுங்கள். இறங்குமுகத்தில் நேரம் மிச்சமாகும். அதை நம்பி லாங்கோலனில் இன்னொரு இரவு தாராளமாகத் தங்கலாம்.